நின்று நின்று போகிற வண்டி

எங்கள் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவரிடம் மைலேஜ் கேட்டால், அவர் சொல்லும் எண்ணிலிருந்து இரண்டைக் கழித்துக்கொள்ள வேண்டும். அதைப் பொய் என்று யாரும் நினைப்பதில்லை. மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதைப் போன்ற ஒரு வழக்கம். சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். என் அக்காவின் கணவர் தன்னுடைய பழைய டீசல் பிக்கப் லிட்டருக்குப் பதினான்கு கொடுக்கிறது என்பார். நான் மனதுக்குள் பன்னிரண்டு என்று எழுதிக்கொள்வேன். செய்தித்தாளில் மாவட்டச் செய்திகளைத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை இப்படிக் குறைத்து எழுதிப் பழகியிருந்தேன்.

அந்த பிக்கப்பில் மச்சானும் அக்காவும் குடிதண்ணீர் விற்றார்கள். இப்போதும் விற்கிறார்கள். திருச்சுழியைத் தாண்டி வீரசோழன் பக்கம் போகப் போக நிலத்தடி நீர் கரிக்கும். குளிக்கலாம், மாட்டுக்குக் காட்டலாம், உலை வைக்க முடியாது. அதனால் பக்கத்து ஊரில் உள்ள சுத்திகரிப்பு பிளாண்டில் தண்ணீர் பிடித்து, தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் குடத்தில் ஊற்றும் வண்டிகள் உண்டு. பிக்கப்பின் பின்பக்கம் ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் பிடிக்கும் கறுப்புத் தொட்டி, அதன் அடியில் ஒரு குழாய், குழாயில் ஒரு ஹோஸ், மேலே ஒரு ஒலிபெருக்கி. பாட்டுச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் பெண்கள் குடங்களை வாசலில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். மச்சான் ஓட்டுவார். அக்கா பின்னால் இறங்கி ஊற்றுவாள். ஒரு நாளைக்கு இரண்டு லோடு, ஐந்து ஊர்.

இந்த ஐந்து ஊருக்கும் சேர்த்து ‘லைன்’ என்று பெயர். ஒருவர் லைனுக்குள் இன்னொருவர் போவதில்லை. எழுதி வைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு விதி உண்டு. லைன்காரர் தொடர்ந்து மூன்று நாள் வரவில்லை என்றால், நாலாம் நாள் காலையில் வேறு யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து குழாயைத் திறக்கலாம். ஒரு முறை திறந்துவிட்டால் அந்த ஊர் அவருடையது. மக்கள் மூன்று நாளுக்கு மேல் தாங்க முடியாது என்பதிலிருந்து வந்த விதி அது. அதில் யாருக்கும் குறை இல்லை. அக்காவும் மச்சானும்கூட அப்படித்தான் அந்த ஐந்தாவது ஊரைப் பிடித்தார்கள். அங்கே முன்பு ஊற்றியவர் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தார்.

பழைய வண்டிக்கு இனிமேல் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடைக்காது என்று தெரிந்ததும் மச்சான் என்னைக் கூப்பிட்டார்.

“மாப்ள, நீ நாலு எடத்துல விசாரிச்சு ஒரு கணக்கு போட்டுக் குடு. நான் போய்க் கேட்டா நம்மகிட்ட அளந்து விடுவானுக.”

நான் ஒரு நோட்டு வாங்கி மூன்று பத்தி பிரித்தேன். பெரிய டீசல், சின்ன டீசல், கேஸ். ஒவ்வொன்றுக்கும் நான்கு உரிமையாளர்களைத் தேடிப் பிடித்தேன். சீமைக்கருவேலங்கரி ஏற்றுகிறவர், ஆட்டுச் சந்தைக்கு ஓட்டுகிறவர், காய்கறி வண்டிக்காரர், சர்ச்சுக்குப் பந்தல் சாமான் கொடுக்கிறவர். எல்லோர் எண்ணிலும் இரண்டைக் கழித்தேன். விற்பனைக்காரர்கள் ஓட்டிப் பார்க்கக் கொடுத்த வண்டியில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கும் திரும்பவும் லோடு வைத்து ஓட்டினோம். பம்பில் டேங்க் நிரம்பித் தானாக நிற்கும்வரை அடித்து, திரும்பி வந்து அதே பம்பில், அதே குழாயில், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி மறுபடி அடித்தோம். பெரிய டீசல் லோடோடு பன்னிரண்டரை கொடுத்தது. அவ்வளவு பெரிய எஞ்சினுக்கு அது நல்ல கணக்கு. சின்ன டீசல் கொஞ்சம் கூடக் கொடுத்தது, ஆனால் முழுத் தொட்டியோடு கண்மாய்க்கரை ஏற்றத்தில் திணறும் என்று மச்சானுக்குத் தோன்றியது. கேஸ் வண்டிக்குச் செலவு குறைவு. ஆனால் கேஸ் அடிக்க அருப்புக்கோட்டைக்குத்தான் வரவேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், சிலிண்டர் கனம் வேறு.

மச்சான் மனம் முதலிலிருந்தே பெரிய டீசலில்தான் இருந்தது. காரணத்தையும் அவர் மறைக்கவில்லை.

“குமாரலிங்கபுரத்துல பெரிய ஜவுளிப் பூங்கா வருதாம்ல. வந்துச்சுன்னா லோடுக்குப் பஞ்சமே இருக்காது. தண்ணி ஊத்தி முடிச்சிட்டு மதியத்துக்கு மேல அங்கிட்டு ஒரு நடை அடிக்கலாம். அன்னைக்கு இந்தச் சின்ன எஞ்சினை வச்சுக்கிட்டு என்ன செய்ய?”

அவர் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா குழாயின் வாஷரை மாற்றிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“தம்பி, இதெல்லாம் ரோட்டுல போனா குடுக்குறதுதான? நின்னு நின்னு போனா எம்புட்டு குடுக்கும்?”

“என்னது?” என்றேன்.

“ஒரு நாளைக்கு அறுபத்தெட்டு எடத்துல நிக்கிறோம். ஆஃப் பண்ணுறாக, ஸ்டார்ட் பண்ணுறாக. பத்தடி போறாக, ஆஃப் பண்ணுறாக. அதுக்கு எம்புட்டு குடுக்கும்னு கேட்டீங்களா?”

மச்சான் சிரித்தார். “இவ எஞ்சினியரு. எல்லா வண்டியும் நின்னு நின்னுதான்டி போகும். பறந்தா போகும்?”

நான் அக்காவின் கேள்வியை நோட்டின் அடியில் எழுதி வைத்தேன். விடை தேடவில்லை. கேள்வியைக் குறித்துக்கொண்டதே பாதி வேலை முடிந்ததுபோல் தோன்றும் ஒரு பழக்கம் எனக்கு உண்டு. அலுவலகத்தில் அதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆவணியில் வண்டி வந்தது. வெள்ளை நிறம், பெரிய டீசல்.

மச்சானுக்குப் புது வண்டியில் மிகவும் பிடித்தது, சராசரி மைலேஜைக் காட்டும் சின்னத் திரை. கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். எண் இறங்கினால் முகம் சுருங்கும். ஏற்றுவதற்குப் பழைய வித்தைகள் எல்லாவற்றையும் கையாண்டார். எஞ்சினைச் சுற்றவிடாமல் சீக்கிரம் சீக்கிரமாக மேல் கியருக்குப் போவார். நிற்க வேண்டிய வீட்டுக்குப் பத்தடி முன்பே சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். வண்டி உருண்டுபோய்ச் சரியாக வாசலில் நிற்கும். முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போவதே இல்லை. பழைய எஞ்சினை அவர் இப்படித்தான் பதினான்கு வருடம் காப்பாற்றினார். அந்த வட்டாரத்தில் டீசலை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர் என்று அவருக்குப் பெயர் இருந்தது. கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது அவரிடம் வந்து யோசனை கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் அவருக்குப் பெருமை. வாரம் ஒருமுறை ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார்.

“பாரு மாப்ள. பழைய வண்டி மாசாமாசம் ஆயில் குடிக்கும். இதுல ஒரு சொட்டு கொறையல. முன்னைக்கு இப்ப கூடத்தான் காட்டுது.”

நானும் பார்த்தேன். ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. நானும் தலையாட்டினேன். ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இடையில் ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். அக்கா சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து எல்லா இடத்திலும் வைத்தாள். ஸ்டியரிங்கில் ஒன்று, சாவியில் ஒன்று, தொட்டிக் குழாயில் ஒன்று, மீட்டர் கண்ணாடியில் வேகமுள்ளுக்கும் மைலேஜ் திரைக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக ஒன்று. மேலே குங்குமம். கைபட்ட இடங்களில் பொட்டு ஒரு வாரத்தில் அழிந்துவிட்டது. மீட்டர் கண்ணாடியில் யாரும் கைவைப்பதில்லை. குங்குமம் உதிர்ந்து, சந்தனம் மட்டும் காய்ந்து, எட்டணாக் காசு அளவில் அங்கேயே இருந்தது. பூஜை போட்ட பொட்டை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரும்வரை விட்டுவிடுவோம்.

மாசி கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை, முழுத் தொட்டியோடு இரண்டாவது ஊரின் கண்மாய்க்கரை ஏற்றத்தில் வண்டி இழுக்காமல் நின்றது. எஞ்சின் ஓடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் ஏறவில்லை. முதல் கியரில் ஊர்ந்து, கரையிலேயே பாதித் தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகுதான் ஏறியது. அக்கா எனக்கு ஃபோன் செய்தபோது அவள் குரலில் தண்ணீரைத் தரையில் விட்ட வருத்தம்தான் முதலில் இருந்தது.

“கண்ணு முன்னாடி எழுநூறு லிட்டர், தம்பி. அங்கிட்டு குடத்தோட நிக்கிறாக, இங்கிட்டு கருவேல மரத்துக்கு ஊத்துறேன்.”

நான் போய்ச் சேர்ந்தபோது திருச்சுழியிலிருந்து மெக்கானிக் வந்திருந்தார். பழைய வண்டியைப் பல வருடம் பார்த்தவர். மச்சானை மாமா என்று கூப்பிடுவார். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார்.

“மாமா, இது நம்ம வண்டி மாதிரி இல்ல. எல்லாத்தையும் மூடி வச்சிருக்கான். கம்ப்யூட்டர் சொன்னாத்தான் தெரியும். உள்ள ஏதாச்சும் வெளக்கு எரிஞ்சுச்சா?”

“ஒரு வெளக்கும் எரியல” என்றார் மச்சான்.

மெக்கானிக் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து மீட்டரைப் பார்த்தார். நானும் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். விளக்கு எதுவும் இல்லை. அக்கா மறுபக்கக் கதவு வழியாகத் தலையை நீட்டியவள், சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானை நுனியை நாக்கில் நனைத்து, மீட்டர் கண்ணாடியில் இருந்த சந்தனப் பொட்டைத் துடைத்தாள். அதன் பின்னால் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மெக்கானிக்தான் முதலில் பேசினார்.

“எம்புட்டு நாளா எரியுதோ?”

“வெளக்கு எரிஞ்சா சத்தமும் குடுக்கும்னு சொன்னானே வண்டி விக்கும்போது” என்றார் மச்சான்.

“குடுத்திருக்கும் மாமா. நீங்க பாட்டுப் போட்டுக்கிட்டுல்ல போறீக.”

அக்கா கீழே இறங்கி ஹோஸைச் சுருட்ட ஆரம்பித்தாள். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த ஹோஸ் அது. பிரித்து மறுபடி சுருட்டினாள்.

அன்று மதியத்துக்கு மேல் வண்டியை விருதுநகர் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப் போனோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் ஊர்ந்து போய்ச் சேரும்போது ஐந்து மணி ஆகிவிட்டது. மறுநாள்தான் பார்க்க முடியும் என்றார்கள். முதல் நாள் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு ஒருவர் மடிக்கணினியோடு வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு வயரைச் செருகினார். முப்பத்தைந்து வயது இருக்கும். பொறுமையானவர். மச்சானுக்கு விளக்கும்போது எங்கும் ஏளனம் தொனிக்கவில்லை. அதை நான் கவனித்தேன், ஏனென்றால் ஏளனத்துக்கு இடம் இருந்தது.

புது டீசல் வண்டிகளில் புகைக்குழாயில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி வேகமாக, அரை மணி நேரம் நிற்காமல் ஓடினால் புகைக்குழாய் நன்றாகச் சூடேறி, அந்தக் கரி தானாக எரிந்துவிடும். எரிப்பதற்காக எஞ்சினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக உள்ளே விடும். பாதி எரிந்துகொண்டிருக்கும்போது வண்டியை அணைத்தால், கரி அப்படியே நிற்கும். கூடுதலாக விட்ட டீசலில் ஒரு பகுதி ஆயிலில் இறங்கிவிடும்.

“அதனாலதான் ஆயில் கூடியிருக்கு” என்று குச்சியை உருவிக் காட்டினார். “மோந்து பாருங்க.”

மச்சான் மோந்து பார்த்தார். டீசல் வாடை. குச்சியை என்னிடம் நீட்டினார். நானும் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

“அப்ப நான் மிச்சம் புடிச்ச டீசலெல்லாம் இங்கதான் கெடக்கா?”

“கொஞ்சம் இருக்குங்க.”

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை வண்டியை அணைக்கிறீங்க?” என்று அவர் கேட்டார். மச்சான் என்னைப் பார்த்தார். அறுபத்தெட்டு என்றேன். அவர் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தார்.

“இந்த எஞ்சின் தூரமா ஓடுறவங்களுக்குச் செஞ்சது சார். தெருவுக்குள்ள ஓட்டுறதுக்குக் கேஸ் வண்டி எடுத்திருக்கலாம். விற்கும்போது யாரும் கேட்கலையா?”

கேட்டிருந்தார்கள். ஒரே ஒருத்தி கேட்டிருந்தாள். அது என் நோட்டின் அடியில் இருந்தது.

வடிகட்டியை மாற்றுவதென்றால் வரவழைக்க ஒரு வாரம் ஆகும். அதற்கு முன் ஆயிலை மாற்றிவிட்டு, நிறுத்தி வைத்தே ஒருமுறை எரித்துப் பார்க்கலாம். அது போதாவிட்டால் ரோட்டில் ஓட்டி எரிக்கலாம் என்றார். ஆனால் அன்று மூன்று வண்டிகள் எங்களுக்கு முன்னால் இருந்தன. புதன்கிழமைதான் முடியும்.

அன்று பகல் முழுதும் அக்கா சும்மா இருக்கவில்லை. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, நாலு டிரம்மில் தண்ணீர் கொண்டுபோய் முதல் ஊரில் பாதித் தெருவுக்கு ஊற்றினாள். அதற்கு மேல் அந்த வண்டிக்காரருக்கு வேறு லோடு இருந்தது. மற்ற நான்கு ஊருக்கும் பஸ்ஸிலும் நடந்தும் போய், வண்டி வந்துவிடும் என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தாள். முதல் ஊரில் ஊற்றியது கணக்கில் சேராது என்று அவளுக்கே தெரியும். வண்டியும் பாட்டும் வந்தால்தான் வந்ததாகக் கணக்கு.

“வீரசோழன் பாய் வண்டி வெள்ளாமைக் காட்டுப் பக்கம் நின்னுச்சாம்” என்று ஃபோனில் சொன்னாள். கிழக்கு லைனை வைத்திருப்பவர் அவர். “நாளைக்கழிச்சு காலைல வந்துருவாக. வரட்டும். அவுக பேருல தப்பு இல்ல. சனம் தண்ணிக்கு என்ன செய்யும்?”

பிறகு ஒன்று கேட்டாள். “பொட்டு வைக்காம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்ல, தம்பி?”

“தெரிஞ்சிருந்தாலும் மச்சான் அது சும்மா எரியுதுன்னுதான் சொல்லியிருப்பாரு” என்றேன். அது உண்மைதான். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

புதன்கிழமை மூன்று மணிக்கு ஆயில் மாற்றி முடிந்தது. நிறுத்தி வைத்து எரித்ததில் பாதிக் கரி போயிருந்தது. விளக்கு அணையவில்லை. மடிக்கணினிக்காரர் மச்சானிடம் சாவியைக் கொடுத்தார்.

“நாலுவழிச் சாலையில சாத்தூர் பக்கமா போங்க. நாலாவது கியர். எஞ்சின் சுற்று காட்டுற முள் ரெண்டாயிரத்து ஐந்நூறுக்குக் கீழ இறங்கக் கூடாது. டோல்கேட்டுக்கு முன்னாலயே திரும்பிடுங்க, வரிசையில நின்னா சூடு இறங்கிடும். விளக்கு அணையறவரைக்கும் நிறுத்தாதீங்க.”

“அஞ்சாவது?”

“போடாதீங்க.”

“அஞ்சாவது கெடக்கும்போது நாலுல ஓட்டுறவன் கிறுக்கன்ல” என்றார் மச்சான்.

“இன்னைக்கு ஒரு நாள் கிறுக்கனா இருங்க” என்றார் அவர். மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெறும் வண்டி. தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நாலாவது கியரில் எஞ்சின் அலறிக்கொண்டு ஓடியது. மச்சானின் இடது கை இரண்டு முறை தானாகக் கியர் குமிழுக்குப் போய்த் திரும்பியது. மூன்றாவது முறை அந்தக் கையைத் தொடைக்குக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டார். திரையில் சராசரி எண் இறங்கிக்கொண்டே இருந்தது. பத்தரை. பத்து. ஒன்பதே முக்கால். அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார்.

“மாப்ள, நீ பாத்துக்க. எனக்குச் சொல்லாத.”

“சரி மச்சான்.”

கொஞ்ச தூரம் போனதும், “எம்புட்டு?” என்றார்.

“சொல்ல வேண்டாம்னீங்க.”

“சரி, சொல்லாத.”

வண்டிக்குள் ஒரு சூட்டு வாடை வந்தது. பின்னால் வெளிறிய புகை கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்தது. டோல்கேட்டுக்கு முன்னால் திரும்பி, விருதுநகர் பக்கமாக வந்துகொண்டிருந்தோம். ஒரு தீப்பெட்டி ஆபீஸைத் தாண்டும்போது மஞ்சள் விளக்கு அணைந்தது. ஒரு சத்தமும் இல்லை. முதலில் பார்த்தது நான். சொல்வதற்கு முன் அவரும் பார்த்துவிட்டார். ஆனாலும் நிறுத்தவில்லை. இன்னும் பத்து நிமிடம் அதே வேகத்தில் ஓட்டினார்.

“இம்புட்டு டீசலையும் எரிச்சு ஒரு வெளக்க அணைச்சிருக்கோம்” என்றார்.

இதற்குப் பிறகு அவர்கள் தண்ணீர் பிடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். மூன்று கிலோமீட்டரில் இருந்த பிளாண்டை விட்டுவிட்டு, காலை லோடுக்கு மட்டும் அருப்புக்கோட்டை ஓரத்தில் உள்ள பிளாண்டுக்கு வருகிறார்கள். நிற்காமல் ஒரே வேகத்தில் போய் வந்தால் வடிகட்டி சுத்தமாகிவிடுகிறது. தெருவுக்குள் மறுபடி அறுபத்தெட்டு இடத்தில் நிற்கலாம். இப்போது திரையில் சராசரி மைலேஜ் கூடியிருக்கிறது. மாதம் ஆகும் டீசலும் கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. மச்சான் முதலாவதை மட்டும் எல்லோரிடமும் சொல்கிறார். குமாரலிங்கபுரத்துக்கு இன்னும் ஒரு நடைகூட அடிக்கவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் திரும்பி வந்தபோது பிளாண்டில் தண்ணீர் தீர்ந்திருந்தது. மூன்று நாளும் முடிந்துவிட்டன. நாலாம் நாள் காலையில் பிளாண்டு ஐந்தரைக்குத்தான் திறக்கும். தொட்டி நிரம்ப நேரம் பிடிக்கும். அன்று நானும் அவர்களோடு போனேன். மூன்று பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தோம், அக்கா நடுவில். ஐந்து ஊரில் பெரியது மூன்றாவது ஊர். இரண்டு ஊரை விட்டுவிட்டு நேராக அங்கே போகச் சொன்னாள் அக்கா. மச்சான் மறுத்துப் பேசவில்லை. கண்மாய்க்கரை ஏற்றத்தில் வண்டி முழுத் தொட்டியோடு இரண்டாவது கியரில் ஏறியது. அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தாள். அதில் பொட்டு எதுவும் இல்லை.

ஆறரை மணிக்கு அந்த ஊர் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். பாயின் வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது. பச்சைத் தொட்டி, பழைய எஞ்சின். அதற்குப் பின்னால் ரோட்டோரமாகக் குடங்கள் இரண்டு வரிசையாக இருந்தன. நாற்பதுக்குக் குறையாது. பிளாஸ்டிக் குடம், எவர்சில்வர் குடம், கல் வைத்து இடம் பிடித்த இடங்கள். பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாய் தன் வண்டியில் சாய்ந்துகொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். குழாயைத் திறக்கவில்லை.

மச்சான் வண்டியை எதிர்ப்பக்கம் நிறுத்தினார். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண்மணி சத்தமாகச் சொன்னாள்.

“வந்துட்டாகப்பா மாப்பிள்ளையும் பொண்ணும். விருந்துக்குப் போயிட்டு மூணு நாள் கழிச்சு வாராக.”

சிரிப்பு எழுந்தது. அக்காவும் சிரித்தாள். மச்சான் இறங்கி ரோட்டைக் கடந்து போனார். நானும் போனேன்.

“எப்ப வந்தீக பாய்?”

“இப்பத்தாண்ணே வந்தேன்” என்றார் பாய்.

அவர் வண்டியின் குழாய் கொஞ்சம் ஒழுகும். ஒவ்வொரு சொட்டாக விழுந்து, கீழே செம்மண் நனைந்திருந்தது. அந்த ஈரம் ஒரு முறம் அளவுக்கு விரிந்து, ஓரத்தில் சகதியாகி, ஒரு கோழி அதில் நின்று குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சொட்டுக்கு அவ்வளவு ஈரம் வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பானெட்டின் மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. மச்சானும் அந்த ஈரத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவர் அங்கிருந்து ஓர் அடி தள்ளி நின்றுகொண்டார்.

பாய் டீ கிளாஸைக் கீழே வைத்தார். எங்கள் வெள்ளை வண்டியை ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்தார்.

“எனக்கும் எஃப்.சி. முடியப் போகுதுண்ணே. புதுசு எடுக்கணும். இது எம்புட்டு குடுக்குது?”

இந்தக் கேள்விக்கு மச்சானின் விடை எனக்குத் தெரியும். ஆவணியிலிருந்து அவர் எல்லோரிடமும் பதினான்கரை என்று சொல்லிவந்தார். நான் காத்திருந்தேன்.

“ரோட்டுல பன்னெண்டரை” என்றார் மச்சான். “தெருவுக்குள்ள எட்டு. எட்டுன்னே வச்சுக்க. அதுவும் நம்ம மாதிரி அணைச்சு அணைச்சு ஓட்டுனா கரி அடைச்சுக்கும். மூணு நாளா அதுக்குத்தான் விருதுநகர்ல கெடந்தேன். நீ கேஸ் வண்டி பாரு. வரிசைல நிக்கிறது ஒரு செரமம்தான். ஆனா நின்னு நின்னு போறதுக்கு அதான் லாயக்கு.”

பாய் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். “எட்டா?”

“எட்டு.”

“நீங்களே எட்டுங்கிறீக.”

“நான்தான் சொல்றேன்.”

அதற்குள் பெண்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடந்து எங்கள் வண்டிப் பக்கம் போக ஆரம்பித்திருந்தார்கள். கல் வைத்து இடம் பிடித்தவர்கள் கல்லையும் எடுத்துக்கொண்டு போனார்கள். யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. பாய் அதைப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து ஏறப்போனார்.

“சரிண்ணே, வாரேன்.”

அக்கா ஹோஸைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அங்கிருந்தே கேட்டாள்.

“பாய், தொட்டி முழுசா இருக்கா?”

“முழுசாத்தான் இருக்குக்கா.”

“இம்புட்டு வெயிட்ட வச்சுக்கிட்டா வீரசோழனுக்குத் திரும்பப் போறீக? டீசல்தான் வீணாப் போகும். மேலத் தெருவுலயும் பள்ளிக்கூடத் தெருவுலயும் ஊத்திட்டுப் போங்க. இன்னைக்கு எங்களுக்கு மத்த ஊருக்கே நேரம் பத்தாது.”

பாய் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார், பிறகு தலையாட்டினார்.

“இன்னைக்கு மட்டும்தான்க்கா” என்றார் பாய்.

“இன்னைக்கு மட்டும்தான்” என்றாள் அக்கா.

அவர் வண்டியைக் கிளப்பினார். குளிர்ந்த எஞ்சின் ஒருமுறை இருமி, கறுப்பாகப் புகை விட்டுப் பிறகு ஓடியது. மேலத் தெருப் பெண்கள் ஆறேழு பேர் குடங்களை இடுப்பில் மாற்றிக்கொண்டு அந்த வண்டியின் பின்னால் நடந்தார்கள். மச்சான் திரும்பி வந்து எங்கள் வண்டியைக் கிளப்பிக் குடங்களுக்கு நேராக நிறுத்தினார். அக்கா முதல் குடத்துக்குக் குழாயைத் திறந்தாள். மச்சான் பழக்கத்தில் சாவியைத் திருப்பி அணைக்கப் போனவர் கையை எடுத்துவிட்டு, எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார்.